மூன்றாம் பக்கத்துக் கீறல்

சென்ற ஆண்டின் இறுதியில், கிழக்கு இலண்டனில் 35 ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, மாடிப்படி இல்லாத சிறு வீடொன்றுக்கு நாங்கள் மாற வேண்டியதாயிற்று. என் மனைவியின் முழங்கால்கள் படியேற மறுத்துவிட்டன. அண்டா, குண்டா, கம்பளம், அலமாரி ஆகியவற்றில் எதை விடுவது, எதைக் கொண்டு செல்வது என்பதில் எங்களிடையே கருத்து வேற்றுமை எழவில்லை. எழுந்ததெல்லாம் மாடியறையில் சுவரோரம் அணிவகுத்து நின்ற என் இசைத்தட்டுகளைப் பற்றியே. எண்ணிப் பார்த்தோம், 412 இருந்தன. ‘கரும் பப்படம்’ என்பது அவற்றுக்கு என் மனைவி சூட்டியிருக்கும் பெயர். பொரிக்கவும் முடியாது, பசிக்குத் தின்னவும் முடியாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். அதை மறுக்க என்னிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை.

அவை நம் இல்லங்களில் ஒலித்த நாகூர் ஹனீபா அவர்களின் இசைத்தட்டுகள் அல்ல. 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த, ‘புளூஸ் ராக்’ என்று வழங்கும் மின்கிதார் இசைத்தட்டுகள். அவற்றுள்ளும் முதல் அச்சாக வெளிவந்தவை. காயல்பட்டினத்தில் பிறந்து, மத்ரஸாவில் ஓதி வளர்ந்த ஒருவனுக்கு இந்தப் பித்து எங்கிருந்து பிடித்தது என்று வாசக நேயர்கள் வியக்கக்கூடும். இசை ஆகுமா ஆகாதா என்பது ஆலிம் பெருமக்கள் பேச வேண்டிய பொருள். அதில் நான் வாய் வைக்கவில்லை. எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

1979இல், என் 23ஆம் வயதில், மாமா ஒருவரின் பலசரக்குக் கடையில் கணக்கெழுதுவதற்காக இலண்டன் வந்து சேர்ந்தேன். ஃபாரஸ்ட் கேட் என்னும் பகுதியில், பல குடித்தனங்கள் இருந்த பழைய வீடொன்றில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. அடுத்த அறையில் ஜமைக்கா நாட்டைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தனியாக வாழ்ந்தார். பேருந்து நடத்துநராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அது எனக்கு முதல் பனிக்காலம். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். மஃரிபு தொழுதுவிட்டுப் போர்வைக்குள் முடங்கிக் கிடப்பேன். அப்போது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வரும். ஒரே சொல்லை நீட்டி, மேலே கொண்டுபோய், நடுவழியில் உடைத்து, மெல்லக் கீழிறக்கும் குரல். அந்தக் குரல் நின்ற இடத்தில் ஒரு கிதார் அதற்கு மறுமொழி கூறும். சொற்கள் விளங்கவில்லை. ஊரில் சுபுஹு நேரத்தில், கடற்காற்றில் அலைந்து வந்து சேரும் முஅத்தினின் குரல்தான் ஏனோ நினைவுக்கு வந்தது. இரண்டையும் ஒன்றென்று சொல்கிறேன் என எவரும் கொள்ள வேண்டா. வீட்டு நினைவில் வாடிய ஓர் இளைஞனின் செவி அப்படிக் கேட்டது, அவ்வளவே.

ஒருநாள் துணிந்து அவர் கதவைத் தட்டிக் கேட்டேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்து, 1943இல் சிகாகோ நகருக்குப் பெயர்ந்து, கிதாரில் மின்சாரத்தை ஏற்றிப் பாடிய மடி வாட்டர்ஸ் என்பவரின் தட்டு அது என்றார். 1958இல் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்துக்கு வந்தபோது தாம் நேரில் கேட்டதாகச் சொன்னார். அன்று ஆங்கிலேய ரசிகர்கள் பலர் அந்த மின்கிதாரின் ஓசையைத் தாங்க மாட்டாமல் முகம் சுளித்தார்களாம். அடுத்த சில ஆண்டுகளில் அதே நாட்டு வெள்ளை இளைஞர்கள் அந்த ஓசையைப் படிக்கத் தவம் கிடந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் தட்டுகளைத் தேடி வாங்கி, ஊசியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்து, விரலுக்கு விரல் பாடம் செய்தார்கள். அந்தப் படிப்பின் முதல் பெரும் விளைச்சல், 1966 ஜூலையில் ஜான் மேயால் குழுவினர் எரிக் கிளாப்டனுடன் வெளியிட்ட ‘புளூஸ் பிரேக்கர்ஸ்’ என்னும் இசைத்தட்டு. உறையில் கிளாப்டன் சிறுவர் சித்திர இதழ் ஒன்றைப் படித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். உள்ளே ஓட்டிஸ் ரஷ், ஃபிரெடி கிங், ராபர்ட் ஜான்சன் ஆகிய கறுப்பினக் கலைஞர்களின் பாடல்கள்.

கறுப்பினத்தார்க்கு அந்த இசை எங்கிருந்து வந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தேன். அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். செனகல் ஆற்றங்கரையிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட உமர் இப்னு சயீத் என்பவர், 1831இல் வட கரோலினாவில் அடிமையாக இருந்தபடியே தம் வரலாற்றை அரபியில் எழுதினார். அந்த ஏடு இன்றும் இருக்கிறது. சில்வியான் டியூஃப் என்ற வரலாற்றறிஞர், பாங்கொலியையும் மிசிசிப்பிச் சிறையில் பதிவான உழைப்பாளர் பாடல் ஒன்றையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, இரண்டும் குரலை இழுக்கும் முறையில் உறவு காண்கிறார். இது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதன்று, மறுப்போரும் உளர். ஆயினும் அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சேகரிக்கும் பழக்கம் 1981 அளவில் என்னைப் பற்றிக்கொண்டது. சனிக்கிழமைகளில் போர்ட்டோபெல்லோ சாலைச் சந்தைக்கும், சோஹோ பகுதியிலுள்ள பெர்விக் தெருக் கடைகளுக்கும் போவேன். ஒரே பாடல், ஒரே உறை. ஒரு தட்டு இரண்டு பவுன், இன்னொன்று இருபது பவுன் என்றால் புதியவனுக்கு விளங்காது. எனக்கும் விளங்கவில்லை. ‘புளூஸ் பிரேக்கர்ஸ்’ தட்டொன்றை முதல் அச்சு என நம்பி எட்டுப் பவுன் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், நடுவிலிருக்கும் சிவப்பு லேபிளில் ‘டெக்கா’ என்ற பெயரைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தது. கட்டம் போட்டது பிற்காலத்துத் தட்டு. 1966இல் கட்டம் கிடையாது. விற்றவர் பொய் ஏதும் சொல்லவில்லை. என் அறியாமைக்கு நான் கட்டிய வரி அது.

அதன்பின் படித்தேன். ஒலிநாடாவில் பதிந்த இசையை முதலில் அரக்குப் பூசிய தட்டில் வரிகளாக வெட்டுவார்கள். அதன்மேல் உலோகம் படிய வைத்து உரித்தெடுப்பது ‘தந்தை’. தந்தையிலிருந்து எடுப்பது ‘தாய்’. தாயிலிருந்து பிறக்கும் அச்சுத் தகடுதான் பிளாஸ்டிக்கை அழுத்தித் தட்டாக்கும். ஓர் அச்சுத் தகடு சில நூறு, மிஞ்சினால் ஓராயிரத்துச் சொச்சம் தட்டுகளை அழுத்துவதற்குள் தேய்ந்துவிடும். ஆகவே எந்தத் தாய்க்கு எத்தனையாவது பிள்ளை என்பதைத் தொழிற்சாலைக்காரர்கள் குறித்து வைத்தார்கள். லேபிளுக்கும் கடைசி வரிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில், விளக்கின்கீழ்ச் சாய்த்துப் பிடித்தால் நுண்ணிய எழுத்துகள் தெரியும். டெக்கா நிறுவனத்துக்கு ‘பக்கிங்ஹாம்’ என்ற ஆங்கிலச் சொல் சாவி. அதிலுள்ள பத்து எழுத்தும் வெவ்வேறானவை. பி என்றால் 1, யூ என்றால் 2, சி என்றால் 3. இப்படியே போய், இறுதி எழுத்தான எம் சுன்னத்தைக் குறிக்கும், அதாவது பூச்சியத்தை. இ.எம்.ஐ. நிறுவனத்தார் ‘கிராமபோன்’ என்ற சொல்லை ஒட்டிய பத்து எழுத்துகளை வைத்துக்கொண்டார்கள். ஜெஃப் பெக் 1968இல் வெளியிட்ட ‘ட்ரூத்’ தட்டின் வலப்புறத்தில் ஜி என்ற ஒற்றையெழுத்தைக் கண்ட நாளில், முதல் அச்சுத் தகட்டின் பிள்ளை என் கையில் இருக்கிறது என்று குதித்தேன். இப்போது சொல்லச் சற்று வெட்கமாக இருக்கிறது.

வேறு அடையாளங்களும் உண்டு. லெட் செப்பலின் குழுவின் முதல் தட்டு 1969 மார்ச்சில் இங்கிலாந்தில் வந்தபோது உறையில் குழுவின் பெயர் நீலப்பச்சை நிறத்தில் இருந்தது; விரைவிலேயே அதை ஆரஞ்சு நிறமாக மாற்றிவிட்டார்கள். இந்த ஒரு நிறத்துக்காக மனிதர்கள் மாதச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். முதல் அச்சின் ஒலி உண்மையிலேயே மேலானதா என்று கேட்டால், பல வேளைகளில் ஆம் என்பேன். ஒலிநாடா தேயாத நாளில், அந்த இசையை அருகிருந்து அறிந்தவர் வெட்டிய வரிகள் அவை. கிதாரின் ஒற்றைத் தந்தி அதிர்ந்து அடங்குவது வரை செவியில் விழும். ஆனால் சேகரிப்போரின் பேச்சில் பாதி வீண் பெருமை. பாட்டைக் கேட்பதைவிடத் தட்டைப் பார்ப்பதே அதிகம் என்றொரு நோய் அவர்களுக்கு உண்டு. அது எனக்கும் வந்தது.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் போர்ட்டோபெல்லோ சாலையில் ‘லைலா’ கிடைத்தது. டெரிக் அண்ட் தி டொமினோஸ் என்ற பெயரில் கிளாப்டன் குழுவினர் 1970இல் மயாமி நகரில் பதிவு செய்து, அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்ட இரட்டைத் தட்டு. உறையின் முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை; ஒரு பெண்ணின் ஓவியம் மட்டுமே. விலை இரண்டரைப் பவுன். பேருந்தில் வரும்போதே தட்டை உருவி, சிவப்பு லேபிளைப் படித்தேன். இரண்டாம் பக்கத்து முதல் பாடலுக்கு ஆசிரியர் இருவர் என்றிருந்தது. ஒருவர் கிளாப்டன், மற்றவர் நிஜாமி.

எந்த நிஜாமி? கஞ்சா நகரத்து நிஜாமியேதான். ஹிஜ்ரி 584இல், அதாவது கி.பி. 1188இல், ‘லைலா மஜ்னூன்’ காவியத்தைப் பாரசீக மொழியில் பாடி முடித்த பெருங்கவிஞர். சிறுவயதில் மின்சாரம் நின்ற இரவுகளில் திண்ணையில் அமர்ந்து என் உம்மா சொன்ன கதை, இலண்டன் பேருந்தின் மேல்தளத்தில் ஓர் ஆங்கிலேயனின் இசைத்தட்டிலிருந்து என்னைப் பார்த்தது. இஸ்லாத்தைத் தழுவிய ஸ்காட்லாந்துக்காரரான இயன் டல்லஸ் என்பவர் கிளாப்டனுக்கு இக்கதையைச் சொன்னார் என்று பின்னர் அறிந்தேன். பிற்காலத்தில் ஷைகு அப்துல் காதிர் அஸ்ஸூஃபி என்று அறியப்பெற்று, 2021இல் மறைந்தவர் அவர். கிளாப்டன் அப்போது தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவிமீது காதல் கொண்டிருந்தார். தம்மை மஜ்னூனாகக் கண்டார். இந்த ஒப்புமையை நான் ஏற்பதில்லை. நிஜாமியின் கைஸ் பாலைவனத்து விலங்குகளோடு கிடந்து உருகியவன். தோழனின் இல்லறத்தைக் கலைக்க நினைத்தவன் அல்லன். ஆயினும் டுவேன் ஆல்மன் என்ற 23 வயது இளைஞர் கண்ணாடிக் குப்பியைத் தந்திமேல் நகர்த்தி எழுப்பிய அந்தக் கிதார் ஓலத்தைக் கேட்டால், வாதாட மனம் வராது. அடுத்த ஆண்டே, 1971 அக்டோபரில், அந்த இளைஞர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார்.

தட்டை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் ஓடினேன். லேபிளைக் காட்டி, எங்கள் கவிஞரின் பெயர் இது என்று பெருமையடித்துக்கொண்டேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த ஆள் பர்மிங்ஹாமில் என்ன பேசினார் தெரியுமா, தம்பி?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அவர் சொன்னார். 1976 ஆகஸ்ட் 5ஆம் நாள், மேடையில் பாட்டுக்கு நடுவே, வெளிநாட்டார் இந்நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று கிளாப்டன் பேசினார். 1968இல் குடியேறியவர்களுக்கு எதிராக முழங்கிய இனோக் பவலை ஆதரிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சைக் கண்டித்து எழுந்ததுதான் ‘இனவெறிக்கு எதிரான ராக்’ என்ற இயக்கம். அந்த மேடைப்பேச்சைப் பற்றித் தாம் வெட்கப்படுவதாகக் கிளாப்டன் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். 1981இல் அது எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கறுப்பினத்தாரிடம் கற்ற வித்தை, பாரசீகக் கவிஞனிடம் பெற்ற கதை. இரண்டையும் வாங்கிக்கொண்டு அவர்கள் இனத்தாரையே வெளியேறச் சொல்வதா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “மூன்றாம் பக்கத்தைப் போடு” என்றார். அந்தப் பக்கத்தின் கடைசிப் பாடல் ஃபிரெடி கிங் 1960இல் பாடிப் புகழ்பெற்றது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். “பையன் நன்றாகத்தான் படித்திருக்கிறான்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் வாரத்துக்கு ஒருநாள் என் அறைக்கு வந்து அந்தப் பாடலைக் கேட்டுவிட்டுப் போவது அவர் வழக்கமாயிற்று.

1983 மார்ச் மாதம். அதற்குள் அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டிருந்தது. ஊசியை எப்போதும் நானே வைப்பேன். அன்று நான் கீழே தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது அவரே வைக்க முயன்றிருக்கிறார். மாடியிலிருந்து ஓர் இழுபடும் ஓசை கேட்டது. சேகரிப்பவன் எவனும் அந்த ஓசையை மறக்க மாட்டான். ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தின் குறுக்கே, மூன்றாவது பாடல்மேல், நகக்கீறல் போல ஒரு கோடு.

நான் அன்று சொன்னதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. “உங்கள் ஆட்களுக்கு ஒரு பொருளின் அருமை தெரியாது” என்றேன்.

உங்கள் ஆட்கள்! பர்மிங்ஹாம் மேடைப் பேச்சுக்காகக் கொதித்த அதே வாய்தான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரிக்கார்டு பிளேயரின் மூடியை, நடுங்கும் கைகளால், ஓசைப்படாமல் இறக்கினார். “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார். அதுவரை என்னைத் தம்பி என்றே அழைத்தவர். மறுவாரம் என் கதவிடுக்கில் ஓர் உறை கிடந்தது. உள்ளே ஐந்து பவுன். நான் அதை எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டது மட்டுமன்று, அந்தப் பணத்தில், கீறலில்லாத இன்னொரு ‘லைலா’ முதல் அச்சை வாங்கி, அலமாரியில் வைத்து அழகு பார்த்தேன். பழையதை, உறை நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எறியாமல் வைத்தேன்.

அவர் மறுபடி என் அறைக்கு வரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் புன்னகைப்பார். 1985 இலையுதிர் காலத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கொஞ்சம் திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மனிதனுக்கு மனிதன் இழைத்த தவற்றை அம்மனிதனே பொறுத்தாலன்றித் தீராது என்று, ஹக்குல் இபாதைப் பற்றி மத்ரஸாவில் உஸ்தாது சொன்னது வழியெல்லாம் காதில் ஒலித்தது. கட்டிலருகே அமர்ந்தேன், நா எழவில்லை. பருவநிலையைப் பற்றிப் பேசினேன். அவர்தாம் கேட்டார்: “அந்தத் தட்டு இன்னும் தாண்டுகிறதா?”

“தாண்டுகிறது.”

“எந்த இடத்தில்?”

“கிதார் தனியாக எழும் இடத்தில்.”

இருமல் வரும்வரை சிரித்தார். பதினொரு நாள் கழித்து இறந்துபோனார். அவருடைய மகள் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து, அப்பாவின் தட்டுகள், உங்களிடம் தரச் சொன்னார் என்று வைத்துவிட்டுப் போனார். 27 தட்டுகள். உறைகள் கிழிந்தவை, பேனாவில் பெயர் எழுதியவை, சந்தையில் எவரும் திரும்பிப் பாராதவை. சுவருக்கு அப்பாலிருந்து நான் கேட்ட குரல் அவற்றுள் இருந்தது.

இனி வீடு மாறிய கதைக்கு வருகிறேன். தட்டு வணிகர் ஒருவர் வந்து நாள் முழுதும் அமர்ந்து பார்த்தார். நேர்மையானவர். ‘புளூஸ் பிரேக்கர்ஸ்’ தட்டின் கட்டமில்லாத உண்மை முதல் அச்சை 1990இல் ஒருவழியாகத் தேடிப் பிடித்திருந்தேன். அதற்கும் நீலப்பச்சை எழுத்துத் தட்டுக்கும் அவர் தந்த தொகையில் வீடு மாறும் செலவு முழுவதும் தீர்ந்தது. கீறலில்லாத ‘லைலா’வையும் எடுத்துக்கொண்டார். கீறல் விழுந்ததை விளக்கில் சாய்த்துப் பார்த்து, இதற்கு ஒன்றும் தர முடியாது என்று என் கையில் திருப்பிக் கொடுத்தார். என் மனைவிக்கு ஒரே வியப்பு. விலையுள்ளதையெல்லாம் விற்றுவிட்டு, உடைந்த பப்படங்களை மட்டும் கட்டிக்கொண்டு போகிறீர்களே என்றார்.

பெட்டி கட்ட உதவிக்கு மகள் வந்திருந்தாள். பள்ளி ஆசிரியை. இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவள். பர்மிங்ஹாம் பேச்சைப் பற்றி என்னைவிட நன்றாகப் படித்தவள். 27 தட்டுகளோடு சேர்த்து வைத்திருந்த உறையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“வாப்பா, இந்த ஆளுடைய தட்டை ஏன் வைத்திருக்கிறீர்கள்? நம்மைப் பற்றி என்ன பேசினார் என்று தெரியாதா?”

“தெரியும்.”

“பிறகு?”

இது அவருக்காக வைத்திருப்பதன்று என்றேன். பிறகு சொன்னேன். பெரியவரைப் பற்றி, ஐந்து பவுன் உறையைப் பற்றி, நான் சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றி. ஆறுதலாக ஏதேனும் சொல்லுவாள் என எதிர்பார்த்தேன் போலும். சொல்லவில்லை. நெடுநேரம் உறையிலிருந்த ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிக்கார்டு பிளேயரை அதுவரை பெட்டியில் வைக்கவில்லை. மூன்றாம் பக்கத்தைப் போடுங்கள் என்றாள்.

போட்டேன். இப்போது எனக்கும் கை சற்று நடுங்குகிறது. ஊசியை அவளே பிடித்து வைத்தாள். முதல் இரண்டு பாடல்களும் பழுதின்றி ஓடின. மூன்றாவதில் கிதார் தனியாக எழும் இடம் வந்தது. ஊசி தாண்டியது, மறுபடியும் அதே இடத்துக்கு வந்து, மறுபடியும் தாண்டியது. அவள் எழுந்து நிறுத்தப் போனாள். வேண்டாம், இருக்கட்டும் என்று கையமர்த்தினேன்.